காரின் கறுப்பு பிளாஸ்டிக்குக்கு பாடி கலர்: கோவைப் பட்டறை ஒன்றின் வேலை பற்றி

மாருதி சுசூகி 2019 ஜனவரியில் கொண்டுவந்த மூன்றாம் தலைமுறை வேகன் ஆரின் எல்எக்ஸ்ஐ வகையையும் விஎக்ஸ்ஐ வகையையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், வெளியிலிருந்து முதலில் கண்ணில் படும் வேறுபாடு கதவுக் கைப்பிடிகளிலும் பக்கக் கண்ணாடிகளின் மூடிகளிலும்தான். எல்எக்ஸ்ஐயில் அவை பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக். விஎக்ஸ்ஐயில் அவை பாடி கலர். எங்கள் வீட்டில் ஓடுவது எல்எக்ஸ்ஐ; நிறம் சில்கி சில்வர். கைப்பிடிகள், மிரர் மூடிகள் ஆகியவற்றோடு, கார் வாங்கியபின் கதவுகளில் பொருத்திய கறுப்பு சைடு பீடிங்குகளையும் (கதவின் பக்கவாட்டில் ஒட்டும் நீளப் பட்டைகள்) சேர்த்துக் காரின் நிறத்துக்கே மாற்றும் வேலையைக் கோவை அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு டிங்கரிங், பெயின்டிங் பட்டறையில் செய்துகொண்டோம். அந்தப் பெயின்ட் ஒரு கோடையையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் பார்த்துவிட்டது. ஆகவே அதன் தரத்தைப் பற்றி இப்போது எழுதுவது பொருத்தமாக இருக்கும்.

பட்டறையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. பெயின்ட் வேலை முற்றிலும் ஆளைப் பொறுத்தது. பெயின்டர் மாறிவிட்டால் கடையும் மாறிவிட்டது என்றுதான் பொருள். இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் எந்த வேலையை எந்த வரிசையில் செய்தார்கள் என்பதும், அதில் எது ஏன் தேவைப்பட்டது என்பதும்தான். பிளாஸ்டிக்கின் மேல் அடிக்கும் பெயின்ட் நிலைத்து நிற்பது பெயின்ட் டப்பாவின் விலையால் அல்ல, அதற்கு முன் நடக்கும் வேலையால் என்பதை இந்தப் பட்டறை நன்றாக அறிந்து வைத்திருந்தது. வேறு எந்த ஊரில் எந்தப் பட்டறைக்குச் சென்றாலும், அந்த முன்வேலையை அவர்கள் செய்கிறார்களா என்று பார்த்துவிட்டே காரை விட வேண்டும்.

முதலில், ஏன் மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளிப்புறத்துக் கறுப்பு பாகங்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன் எனும் பிளாஸ்டிக்கால் ஆனவை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதற்காக அதில் கரித்தூளும் வேறு சில வேதிப்பொருள்களும் கலந்திருப்பார்கள். ஆனாலும் வெட்டவெளியில் நிற்கும் காரில், மேற்பரப்பு நாளடைவில் சிதைந்து சாம்பல் பூத்துவிடுகிறது. எங்கள் காரிலும் மேற்கு வெயில் படும் பக்கத்துப் பீடிங்குகள் மற்றப் பக்கத்தைவிட முன்னதாகவே வெளுத்தன. வாட்டர் வாஷ் கடையில் பூசிவிடும் பளபளப்புத் திரவம் அடுத்த மழை வரைக்கும்தான் கறுப்பாகக் காட்டும். சாம்பல் பூத்த பிளாஸ்டிக், நன்றாகப் பராமரித்த காரையும் பழையதாகக் காட்டிவிடுகிறது என்பதே என் வருத்தம்.

பட்டறையில் பெயின்டர் முதலில் செய்த காரியமே எனக்கு நம்பிக்கை அளித்தது. விலை சொல்வதற்கு முன், சற்றே தளர்ந்திருந்த ஒரு பீடிங்கின் முனையைப் பிரித்து, அதன் பின்புறத்தில் அச்சாகியிருந்த எழுத்துகளைக் கைப்பேசி வெளிச்சத்தில் படித்தார். “இது பிபிங்களா, ஏபிஎஸ்ஸுங்களான்னு பார்த்துட்டுத்தான் ரேட்டே சொல்ல முடியுங்க” என்றார். பிளாஸ்டிக் பாகங்களின் உட்புறத்தில் இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே அந்தப் பிளாஸ்டிக்கின் பெயர்ச் சுருக்கம் இருக்கும். பிபி என்றால் பாலிபுரொப்பிலீன். ஏபிஎஸ் என்பது வேறொரு வகைப் பிளாஸ்டிக். பம்பர்களில் பிபி+ஈபிடிஎம்-டி20 என்பது போல இருந்தால், பாலிபுரொப்பிலீனோடு ரப்பர் கலந்து, அதில் 20 சதவீதம் டால்க் எனும் மாக்கல் தூள் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். எங்கள் பீடிங் பிபி வகை. மிரர் மூடி ஏபிஎஸ். இந்த இரண்டுக்கும் ஒரே வேலைமுறை பொருந்தாது.

காரணம் எளிது. ஒரு திரவம் ஒரு பரப்பின் மேல் பரவி ஒட்ட வேண்டுமானால், அந்தப் பரப்பின் ஆற்றல் போதுமான அளவுக்கு இருக்க வேண்டும். பாலிபுரொப்பிலீனுக்கு அது மீட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிநியூட்டன். ஏபிஎஸ்ஸுக்கு 40ஐ ஒட்டி இருக்கும். ஆகவே ஏபிஎஸ்ஸை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து பொதுவான பிளாஸ்டிக் பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு, அடித்தால் பெயின்ட் பிடித்துக்கொள்கிறது. பாலிபுரொப்பிலீனில் அப்படிப் பிடிக்காது. அதற்கு அட்ஹீஷன் புரமோட்டர் எனும் தனி இடைப்பூச்சு தேவை. குளோரின் ஏற்றிய ஒரு பாலிமர்தான் அதன் அடிப்படை. அதன் ஒரு பகுதி பிளாஸ்டிக்கோடும், இன்னொரு பகுதி மேலே வரும் பெயின்டோடும் பிணைந்துகொள்கிறது. கார்த் தொழிற்சாலைகளில் இதற்காகப் பம்பரின் மேல் நெருப்புச் சுடரை நொடிப்பொழுது ஓட்டி மேற்பரப்பை மாற்றும் முறையும் உண்டு. அட்ஹீஷன் புரமோட்டரின் படலம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. அதை அடித்தார்களா, அடிக்காமல் விட்டார்களா என்பது வேலை முடிந்த அன்று யாருக்கும் தெரியாது. சில மாதங்கள் கழித்துத்தான் தெரியும்.

எங்கள் உறவினர் ஒருவரின் கார் அப்படித்தான் ஆனது. வேறொரு கடையில், தகரத்துக்கு அடிக்கும் பிரைமரையே பீடிங்கின் மேலும் அடித்து, அதன்மேல் நிறம் பூசிக் கொடுத்துவிட்டார்கள். பார்வைக்கு அழகாகவே இருந்தது. பிறகு வாட்டர் வாஷில் அழுத்தமாகப் பீய்ச்சிய தண்ணீர் ஒரு முனையில் நுழைந்தவுடன், பால் ஆடை போலப் பெயின்ட் முழு நீளத்துக்கும் எழும்பி வந்துவிட்டது. அடியில் பிளாஸ்டிக் புதிதாக இருந்தபடியே இருந்தது. எங்குமே பெயின்ட் பிடிக்கவில்லை. உரிந்த பெயின்டை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி அடிக்க, முதலில் ஆனதைவிடக் கூடுதலாகவே செலவாயிற்று. உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது. மிச்சம் ஒட்டியிருப்பதுபோலத் தோன்றும் பகுதியும் எந்த நேரமும் எழும்பக்கூடியதே.

அடுத்தது சுத்தம் செய்யும் வேலை. இதைத்தான் பல கடைகளில் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். வாட்டர் வாஷில் பூசும் பளபளப்புத் திரவங்கள் பலவற்றில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. அது இம்மியளவு மிச்சமிருந்தாலும், பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி மீன்கண் போன்ற சிறு பள்ளங்களை உண்டாக்கிவிடும். பெயின்டர்கள் அதை ‘ஃபிஷ் ஐ’ என்பார்கள். சுத்தம் செய்யாமல் முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கி இன்னும் மோசமாகும். ஆகவே முதலில் கழுவ வேண்டும், பிறகு எண்ணெய் நீக்கும் கரைப்பானால் துடைக்க வேண்டும், அதன் பிறகே தேய்க்க வேண்டும், தேய்த்தபின் மறுபடியும் துடைக்க வேண்டும். இந்தப் பட்டறையில் கழற்றிய பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் நார் கொண்டு தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, இரண்டு துணிகளால் துடைத்தார்கள். ஒரு துணி கரைப்பானில் நனைத்தது. அது காய்வதற்குள் துடைத்தெடுப்பதற்கு இன்னொரு உலர்ந்த துணி. ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு கரைந்து வேறிடத்தில் படியுமே தவிரப் போகாது. தண்ணீரை ஊற்றி, அது முத்து முத்தாகத் திரளாமல் படலமாக நிற்கிறதா என்று பார்த்தபிறகே அடுத்த கட்டத்துக்குப் போனார்கள்.

பாகங்களைக் கழற்றித்தான் அடிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. காரிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்தால் விலை குறையும். ஆனால் பெயின்ட் முடியும் ஓரம் கதவோடு சேரும் இடத்தில் ஒரு கோடாக நிற்கும், அந்தக் கோட்டிலிருந்துதான் உரிதல் தொடங்கும். கதவுக் கைப்பிடியைக் கழற்றுவது கடினமான வேலை அல்ல. கதவைத் திறந்து, அதன் விளிம்பில் உள்ள சிறிய மூடியை எடுத்தால் உள்ளே திருகு தெரியும். அதைத் தளர்த்திக் கைப்பிடியைப் பின்னோக்கி நகர்த்தினால் வந்துவிடும். மிரர் மூடிக்கு முதலில் கண்ணாடித் தகட்டைப் பக்குவமாக நெம்பி எடுக்க வேண்டும். இங்கே ஒரு கிளிப் உடைந்தது. அதை மறைக்காமல் எங்களிடம் காட்டிவிட்டு, கையிருப்பில் இருந்த புதிய கிளிப்பைப் பொருத்தி, அதற்குப் பணம் வாங்கவில்லை. பீடிங்குகளைச் சூடு காட்டி, மெல்லிய நைலான் நூலால் ரம்பம் போல அறுத்து எடுத்தார்கள். கதவின் பெயின்டில் கீறல் எதுவும் விழவில்லை.

கறுப்பு பாகங்களின் மேல் தோல் போன்ற ஒரு சொரசொரப்பு அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அதன்மேல் நேராக நிறம் அடித்தால் அந்தச் சொரசொரப்பு வெள்ளித் துகள்களின் ஒளியில் முன்பைவிட எடுப்பாகத் தெரியும். தொழிற்சாலையில் பாடி கலரில் வரும் கைப்பிடி வழவழப்பான அச்சில் வார்த்தது. ஆகவே அதன் தோற்றம் வேறு. சொரசொரப்பை அகற்றுவதற்குத் தேய்த்தே ஆக வேண்டும். ஆனால் பாலிபுரொப்பிலீனை அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பில் பஞ்சு போல மெல்லிய இழைகள் எழும்பிவிடும். மேலும் தேய்க்கத் தேய்க்க அவை கூடுமே தவிரக் குறையாது. ஆகவே பிளாஸ்டிக்கை லேசாக மட்டும் தேய்த்து, அட்ஹீஷன் புரமோட்டரின் மேல் கனமான பிரைமரை அடித்து, பள்ளங்கள் நிரம்பியபின் அந்தப் பிரைமரைத்தான் 600, 800 என்று வாட்டர் பேப்பர் போட்டுச் சமன்செய்ய வேண்டும். கைப்பிடிகளிலும் மிரர் மூடிகளின் மேற்பகுதியிலும் இதை அருமையாகச் செய்திருக்கிறார்கள். மிரர் மூடிகளின் அடிப்பகுதியில், குனிந்து பார்த்தால் பழைய சொரசொரப்பு இன்னும் தெரிகிறது. சாலையில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது என்றாலும், வாங்கிய பணத்துக்கு அதையும் முடித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

இனி நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் கொடுத்து வைத்தவர்கள். மாருதியின் சுப்பீரியர் ஒயிட், அதாவது 26யூ, ஒற்றை நிறப் பெயின்ட். சரியான கலவையை யார் அடித்தாலும் பெரிய வேறுபாடு வராது. சில்கி சில்வர் அப்படி அல்ல. அதன் குறியீடு இசட்2எஸ் என்று தெரிந்துகொண்டு கடையில் வாங்கி அடித்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். சில்வர் பெயின்டில் உள்ளவை மிக நுண்ணிய அலுமினியத் தகடுகள். அவை பரப்போடு படிந்து கிடந்தால் நேர்ப் பார்வைக்கு வெளிச்சமாகத் தெரியும். சாய்ந்தும் நின்றும் இருந்தால் கருமையாகத் தெரியும். ஸ்பிரே கன்னைத் தள்ளிப் பிடித்து, காற்றழுத்தத்தைக் கூட்டி, சற்று உலர்வாக அடித்தால் நிறம் வெளிறும். நெருங்கிப் பிடித்து ஈரமாக அடித்தால் தகடுகள் அமிழ்ந்து நிறம் கருக்கும். ஒரே டப்பாவிலிருந்து இரண்டு பெயின்டர்கள் அடித்தால் இரண்டு சில்வர் கிடைக்கும் என்பது மிகையே அல்ல.

போதாததற்கு, ஒரே குறியீட்டுக்குள்ளேயே தயாரிப்புத் தொகுதிக்கு ஏற்பச் சற்றே மாறும் துணைநிறங்கள் உண்டு. சில ஆண்டு வெயில் பட்ட கதவின் நிறமும் புதுக் காரின் நிறமும் ஒன்றல்ல. ஆகவே இந்தப் பட்டறையில் குறியீட்டை ஒரு தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். பெட்ரோல் மூடியைக் கழற்றி மேசையில் வைத்து, ரப்பிங் பசை போட்டுத் தேய்த்து அதன் மேலுள்ள மங்கலை நீக்கியபின், நிறம் அளக்கும் கருவியை வைத்துப் பதிவெடுத்தார்கள். கணினி சொன்ன சூத்திரத்தின்படி கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் நிறமிகளை நிறுத்துக் கலந்து, சிறிய தகரத் துண்டுகளில் அடித்து, நிறத்துக்கு மேலே வரும் நிறமற்ற பூச்சான கிளியரைப் பூசி, காய்ந்தபின் பட்டறைக்கு வெளியே வெயிலிலும் நிழலிலும் கதவோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். குழல் விளக்கின் கீழ் ஒத்துப்போன முதல் துண்டு, வெளியே சாய்வாகப் பார்த்தபோது நீலம் கலந்து தெரிந்தது. அதை ஒதுக்கிவிட்டுக் கலவையைத் திருத்தினார்கள். கிளியர் பூசாமல் நிறத்தை ஒப்பிடக் கூடாது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். வெறும் அடிநிறம் மங்கலாக இருக்கும், கிளியர் ஏறியபின்தான் அதன் உண்மை நிறம் வெளிப்படும்.

முடிவு எப்படி வந்திருக்கிறது? கைப்பிடியும் கதவும் நேர்ப் பார்வையில் முற்றிலும் ஒத்துப்போகின்றன. மாலையின் சாய்ந்த வெயிலில், பின்கதவுக்கு அருகில் நின்று நீளவாக்கில் பார்த்தால், பீடிங்குகள் கதவைவிட ஒரு நூலளவு கருமையாகத் தெரிகின்றன. இதைக் குறையாக நான் கருதவில்லை. தொழிற்சாலையிலேயே உலோக உடலும் பிளாஸ்டிக் பம்பரும் தனித்தனியாகத்தான் பெயின்ட் ஆகின்றன. உடலுக்கான அடுப்பின் சூட்டைப் பிளாஸ்டிக் தாங்காது என்பதால், அதற்குக் குறைந்த சூட்டில் காயும் வேறு பெயின்ட் பயன்படுகிறது. புத்தம்புதிய சில்வர் கார் ஒன்றின் முன்பம்பரையும் பானட்டையும் சேர்த்து உற்றுப் பாருங்கள், இதே வேறுபாடு அங்கும் தெரியும். வளைந்த சிறு பாகத்தில் ஒளி விழும் கோணமே வேறு என்பதும் ஒரு காரணம்.

மேற்பூச்சாக அடித்தது, பூச்சை இறுகச் செய்யும் ஹார்ட்னர் கலந்த இரட்டைக் கலவைக் கிளியர்; இரண்டு பங்கு கிளியருக்கு ஒரு பங்கு ஹார்ட்னர். காற்றுப்பட்டு மட்டும் காயும் டப்பா லேக்கர்கள் பெட்ரோல் சிந்தினால் கரையும், வெயிலில் மங்கும். இது அப்படி ஆவதில்லை. பம்பர், பீடிங் போன்ற வளையும் பாகங்களுக்குக் கிளியரோடு நெகிழ்வுதரும் ஒரு திரவத்தையும் கலக்கும் வழக்கம் உண்டு. வளையும் பாகத்துக்கு வளையும் பெயின்ட் வேண்டும் என்ற தேவை, 1968இல் அமெரிக்காவின் பொன்டியாக் ஜிடிஓ காரில் பாடி கலர் அடித்த நெகிழ்வான முன்பம்பர் வந்த காலத்திலேயே தோன்றியது. இன்று சில தயாரிப்பாளர்களின் கிளியர்களில் அந்த நெகிழ்வு ஏற்கெனவே இருப்பதால் தனியாகக் கலக்கத் தேவைப்படுவதில்லை. எது பொருந்தும் என்பதை டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் எனும் வேதிப்பொருள் இருக்கிறது. அதன் தூவலைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நிரந்தர ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலைத் தரும். பெயின்டர் வடிகட்டி பொருத்திய முகமூடி அணிந்திருந்தார். பாகங்களை எடுத்துக் கொடுத்த உதவியாளரான இளைஞர் கைக்குட்டையைத்தான் கட்டியிருந்தார். துணி இந்த ஆவியைத் தடுக்காது. இதை உரிமையாளரிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், இங்கேயும் பதிவு செய்கிறேன். வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதில் அந்தப் பட்டறைக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். காரைக் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால், உதவியாளருக்கும் முகமூடி வந்துவிடும்.

கைப்பிடியை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் காரில் நம் விரல் அதிகம் படும் பெயின்ட் அதுதான். அடிநிறம் 15 முதல் 20 மைக்ரான், கிளியர் 40 முதல் 60 மைக்ரான் என்ற அளவில் இருப்பது சரி. பளபளப்புக்காகக் கிளியரைக் கனமாக அடித்துவிட்டால், கைப்பிடி இழுபடும்போது அதன் முனை பக்கத்தில் உள்ள தாங்கியோடு உரசிச் செதில் செதிலாக உடையும். இங்கே முனைகளில் அந்த இடைவெளி சரியாக விடப்பட்டிருக்கிறது. நான்கு கைப்பிடிகளும் முன்போலவே தடையின்றித் திரும்புகின்றன. விரல் நுழையும் உட்புறத்திலும் கிளியர் முழுமையாகப் படிந்திருக்கிறது. ஓட்டுநர் பக்கத்துக் கைப்பிடியின் அடியில், நகமும் மோதிரமும் படும் இடத்தில், மெல்லிய கீறல்கள் விழுந்துள்ளன. அவை கிளியரோடு நிற்கின்றன. கறுப்பு எங்கும் எட்டிப் பார்க்கவில்லை. வேலை முடிந்தவுடன், பீடிங்கின் பின்புறத்தில் பெயின்ட் படிந்த ஓர் இடத்தில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென இழுத்துக் காட்டினார்கள். ஒரு கட்டமும் பெயரவில்லை. வெளியில் தெரியாத இடத்தில் இப்படிச் சோதித்துக் காட்டச் சொல்லி எந்தக் கடையிலும் கேட்கலாம்.

விலை: கைப்பிடி ஒன்றுக்கு 450 ரூபாய், மிரர் மூடி ஒன்றுக்கு 700 ரூபாய், பீடிங் ஒன்றுக்கு 800 ரூபாய். நான்கு கைப்பிடி, இரண்டு மூடி, நான்கு பீடிங் சேர்ந்து 6,400 ரூபாய்; 18 சதவீத ஜிஎஸ்டியோடு 7,552 ரூபாய். சிறு பாகங்களுக்கு இது அதிகம் என்று தோன்றலாம். பரப்பு சிறியதானாலும் சுத்தம், பிரைமர், நிறக் கலவை, கன் கழுவுதல் எல்லாம் ஒரு கதவுக்கு ஆகும் அளவுக்கே ஆகின்றன என்பதால் இந்த விலையை நியாயம் என்றே சொல்வேன். பாகங்களைத் தனித்தனியாகக் கொடுக்காமல் மொத்தமாகக் கொடுப்பதே சிக்கனம். நிறமும் ஒரே கலவையாக அமையும்.

இதற்கு மாற்றாக, மேல் வகைக்கு வரும் பாடி கலர் கைப்பிடிகளை உதிரிபாகக் கடையில் வாங்கிப் பொருத்தும் வழியும் இருக்கிறது. சுசூகி பாக எண்ணின் கடைசி மூன்று எழுத்துகள் நிறத்தைக் குறிக்கும். இசட்2எஸ் என்று முடியும் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். வழவழப்பான அச்சு, தொழிற்சாலைப் பெயின்ட் என்பதால் கைப்பிடிகளைப் பொறுத்தவரை இதுவே மிகச் சிறந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். நமக்கு வேண்டிய நிறம் கையிருப்பில் கிடைத்தால் தயங்காமல் அதை வாங்கலாம். பீடிங்குகளுக்கும் பழைய கார்களுக்கும் அந்த வாய்ப்பு எப்போதும் இருப்பதில்லை. வினைல் ஸ்டிக்கர் சுற்றுவது மிரர் மூடிக்குப் பரவாயில்லை. சொரசொரப்பான பாலிபுரொப்பிலீனில் அதன் பசை நிற்காது. ஒட்டும் குரோம் உறைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் அடியில் தண்ணீரும் மணலும் தங்கி, பெயின்டைத் தேய்த்துவிடும்.

எல்லாக் கறுப்பையும் மாற்றிவிட வேண்டும் என்ற ஆசைக்கு இந்தப் பட்டறை இடம் தரவில்லை. அதுவும் எனக்குப் பிடித்தது. முன்கண்ணாடியின் அடியில் வைப்பர் இருக்கும் தட்டையும், பம்பரின் கீழ்ப்பகுதியையும் கறுப்பாகவே விடச் சொன்னார்கள். வைப்பர் தட்டில் பாடி கலர் அடித்தால் வெயிலின் பிரதிபலிப்பு ஓட்டுநரின் கண்ணுக்கு வரும். பம்பரின் அடிப்பகுதி கல்லடி படுகிற இடம். அங்கே பெயின்ட் தெறித்துப் போவதைவிட, கீறினாலும் உள்ளும் புறமும் ஒரே கறுப்பாக இருக்கும் பிளாஸ்டிக்தான் நன்மை. எஸ்யூவி வண்டிகளின் சக்கர வளைவுக் கறுப்புப் பட்டைகளுக்கும் இதுவே பொருந்தும். 2019 ஜூலை முதல் நம் நாட்டில் புதிய கார்களுக்குப் பின்புற பார்க்கிங் சென்ஸார் கட்டாயமாகிவிட்டதால், பின்பம்பருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் சென்ஸார்களைக் கழற்றிவிட்டு அடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சென்ஸாரின் முகம் மிக நுண்ணியதாக அதிர்ந்து ஒலியை அனுப்புகிறது. அதன்மேல் கனமான பெயின்ட் படிந்தால் அளவீடு தவறும். ரேடார் பொருத்திய கார்களில் பம்பருக்கு உலோகத் துகள் கலந்த பெயின்டைக் கூடுதலாக ஏற்றுவதும் ஆபத்து. அவற்றை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

குறைகளில் முதன்மையானது காலதாமதம். சொன்ன நாளில் வண்டி கிடைக்கவில்லை. மழைக் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்ததால், அடித்தால் பெயின்ட் வெண்மை பூத்துவிடும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். காரணம் சரியானது, அதை நாங்கள் நேரில் போய்க் கேட்கும் வரை காத்திராமல் தொலைபேசியில் தெரிவித்திருக்க வேண்டும். பீடிங் ஒன்று அதன் பழைய இடத்திலிருந்து சற்றே ஏறிப் பொருந்தியிருந்தது. சுட்டிக்காட்டியவுடன் பிரித்து, புதிய இரட்டைப்பக்க டேப் போட்டுச் சரிசெய்தார்கள். பிறகு ஒரு வாரத்துக்குக் கழுவ வேண்டாம், ஒரு மாதத்துக்கு மெழுகு பாலிஷ் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கரைப்பான் முழுவதும் வெளியேறிக் கிளியர் இறுக அந்த அவகாசம் வேண்டும்.

மழைக்காலம் முடிந்தபின் எல்லாப் பாகங்களின் ஓரங்களையும் நகத்தால் நெருடிப் பார்த்தேன், எங்கும் எழும்பவில்லை. அழுத்தத் தண்ணீரால் கழுவும்போது மட்டும் முனையைத் தொலைவில் வைத்துப் பீய்ச்சச் சொல்கிறோம். சில்வர் நிறக் கார் வைத்திருப்பவர்களும், பீடிங் சாம்பல் பூத்துவிட்டது என்று வருந்துபவர்களும் இத்தகைய பட்டறையை நம்பிப் போகலாம். பாகத்தின் பின்புற எழுத்தைப் பார்க்காமலே விலை சொல்லும் கடையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். வேலை முடிந்ததும் மிச்சமான கலவையில் கொஞ்சத்தைச் சிறு குப்பியில் ஊற்றி, சூத்திரம் அச்சிட்ட தாளையும் கொடுத்தார்கள். பின்னாளில் ஏதாவது ஒரு பாகம் அடிபட்டால் அதே நிறத்தைக் கலக்க இது உதவும். உத்தரவாதத்தை வாய்மொழியாகத்தான் சொன்னார்கள். பில்லில் எழுதித் தரச் சொன்னபோது, ஓராண்டுக்குள் உரிந்தால் கட்டணமின்றி மறுபடி அடித்துத் தரப்படும் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். கேட்டால்தான் கிடைக்கும் என்பதால், பணம் செலுத்துவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.